கிரேடு ஆர் போகும் பிள்ளைக்கு எழுத்தும் கைப்பழக்கமும்: தாள், செலவு, நேரம் சேர்த்து ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கிரேடு ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) போகும் நான்கைந்து வயதுப் பிள்ளை இருக்கிற பல வீடுகளுக்கு ஒருநாள் பள்ளிப் பையில் ஒரு சீட்டு வந்து சேரும். பென்சில் பிடி சரியில்லை, எழுத்துகள் அடையாளம் தெரியவில்லை, ஓ.டி.யிடம் காட்டவும் என்று இருக்கும். ஓ.டி. என்றால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கை வேலை, உட்காரும் விதம், பட்டன் போடுவது, கத்தரிப்பது மாதிரியான அன்றாடத் திறன்களைப் பார்க்கிறவர். எங்கள் வீட்டுக்கும் அந்தச் சீட்டு வந்தது. யாரைப் பார்ப்பது, என்ன தாள் வேண்டும், எதற்குக் காசு, எது இலவசம், வீட்டில் என்ன செய்வது என்று ஒவ்வொரு கவுண்டரிலும் ஒவ்வொரு சொந்தக்காரரிடமும் தனித்தனியாகக் கேட்டு, அதில் பாதி தப்பாக இருந்து, மறுபடி போய் நின்று என்று அலைந்துதான் தெரிந்துகொண்டோம். நீங்களாவது அலையாமல் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை. ஆனால் இந்த அலைச்சலில் எனக்கு உறுதியாகப் புரிந்தது ஒன்று உண்டு: எழுத்தைக் கண்டால் தெரிவது ஒரு வேலை, அதைக் கையால் எழுதுவது இன்னொரு வேலை. இரண்டும் ஒன்றாக வரும் என்று நினைத்துப் பிள்ளையை உட்கார வைத்தால் இரண்டும் கெடும். கீழே இருப்பதெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

1. முதலில் ஒரு ஃபைல் போடுங்கள்

கிளினிக், பள்ளி, ஓ.டி., மூன்று இடத்திலும் ஏறக்குறைய அதே தாள்களைத்தான் கேட்பார்கள். ஒரே தடவையில் சேர்த்து வைத்துவிடுங்கள்.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவர் விவரமும் உள்ள முழுச் சான்றிதழ். பெற்றோரின் ஐடி, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்றால் பாஸ்போர்ட், விசா, பிள்ளையின் படிப்பு விசா. முகவரிக்கு எத்தெக்வினி (டர்பன் நகராட்சி) முனிசிபாலிட்டி பில் அல்லது வாடகை ஒப்பந்தம். அண்ணன் வீட்டிலோ மாமியார் வீட்டிலோ தங்கியிருந்தால் பில் அவர்கள் பெயரில்தான் இருக்கும், அப்போது அந்த பில்லோடு அவர்கள் கையெழுத்திட்ட ஒரு அஃபிடவிட். பிள்ளை க்ரெஷ் (பகல்நேரக் குழந்தைகள் காப்பகம்) போயிருந்தால் அங்கே கொடுத்த ரிப்போர்ட்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது 'ரோட் டு ஹெல்த்' புத்தகம், பிள்ளை பிறந்ததும் கொடுப்பார்களே அதுதான். தடுப்பூசிக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் ஊசி முடிந்ததும் அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். வயதுக்கேற்ற வளர்ச்சி, பார்வை, காது பற்றிய பக்கங்களும் அதில் இருக்கின்றன. கிளினிக் சிஸ்டர் (நர்ஸ்) அதைப் பார்த்துத்தான் மேலே அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பிள்ளையோடு வந்தவர்கள் அங்கே போட்ட ஊசிகளின் அட்டையை கிளினிக்குக் கொண்டுபோங்கள். இங்கே கால அட்டவணை வேறு, விட்டுப்போனது எது என்று அவர்களே பார்த்து எழுதித் தருவார்கள்.

நகல்களைச் சான்றொப்பம் செய்ய போலீஸ் ஸ்டேஷனில் காசு கிடையாது. அஃபிடவிட்டுக்கும் கிடையாது. மூல ஆவணத்தைக் கையில் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். வெளியே இருநூறு முன்னூறு ரேண்ட் கேட்டு 'முடித்துத் தருகிறேன்' என்பவர்களிடம் போகாதீர்கள். இதில் ஒரு பொறி: மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். அதனால் மொத்தமாக முத்திரை குத்தி வைத்துக்கொள்ள வேண்டாம், தேவைப்படும் சமயத்தில் போங்கள்.

2. எந்த வருஷம் சேர்ப்பது என்று கணக்குப் போடுங்கள்

கிரேடு ஆர்-க்குச் சேரும் ஆண்டின் ஜூன் 30-க்குள் ஐந்து வயது நிறைய வேண்டும். கிரேடு 1-க்கு அதே ஜூன் 30-க்குள் ஆறு. 2024-இல் கையெழுத்தான பேலா என்ற பள்ளிச் சட்டத் திருத்தத்தின்படி கிரேடு ஆர் கட்டாயம், ஆனால் அந்தக் கட்டாயம் ஆறு வயது நிறையும் ஆண்டிலிருந்துதான். ஆக மே மாதம் பிறந்த பிள்ளையை ஐந்து நிறையும் ஆண்டிலும் சேர்க்கலாம், அடுத்த ஆண்டும் சேர்க்கலாம். இந்த வயதில் ஒரு வருஷம் பெரிய விஷயம். நான்கரை வயதில் கத்தரிக்கோலே பிடிக்காத பிள்ளை ஐந்தரையில் வட்டம் வெட்டிக்கொண்டிருக்கும். "தகுதி இருக்கே, அனுப்பிடலாம்" என்று அவசரப்படுவதற்கு முன் இதை யோசியுங்கள். ஆயாவோ தாத்தாவோ வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ள முடிகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டிலேயே. முதல் டேர்மிலேயே பள்ளி ஆபீஸில் போய்த் தேதி கேட்டுக்கொள்ளுங்கள், டிசம்பரில் கேட்டால் இடம் இருக்காது.

இரண்டு சட்ட விஷயங்கள் தெரிந்திருந்தால் நல்லது. அரசுப் பள்ளி சேர்க்கைக்காகப் பிள்ளைக்குத் தேர்வு வைக்கக் கூடாது. 'ஸ்கூல் ரெடினஸ் ரிப்போர்ட் இல்லாமல் இடமில்லை' என்று அரசுப் பள்ளியில் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள், பேச்சு மாறும். தனியார் பள்ளிகளின் கதை வேறு. அதேபோல அரசுப் பள்ளி பள்ளிக் கட்டணத்தைத் தவிர ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீ, அட்மின் ஃபீ என்று எதுவும் வாங்கக் கூடாது. கட்டணம் கட்ட முடியாதவர்கள் விலக்குக்கு விண்ணப்பிக்கலாம், அந்தப் படிவத்தைப் பள்ளி தர வேண்டும்.

3. கண்ணும் காதும் பார்த்த பிறகே மற்றதெல்லாம்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். எழுத்து அடையாளம் தெரியாத பிள்ளைக்கு எழுத்து மங்கலாகத் தெரியலாம். 'ப'வுக்கும் 'ம'வுக்கும் ஒலி வித்தியாசம் பிடிபடாத பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் தேங்கியிருக்கலாம். டர்பன் ஈரக்காற்றில் சளி ஓயாத பிள்ளைகள் நிறைய. கிளினிக்கில் பார்வையும் காதும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், அல்லது கண் பார்வை சோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட்டிடம் போங்கள். பிள்ளைக்கு எழுத்து தெரியாது என்று சொல்லிவிடுங்கள், படம் காட்டிச் சோதிக்கும் அட்டை அவர்களிடம் இருக்கும்.

ஓ.டி.யிடம் போனாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். ரிசல்ட் தாள் ஃபைலுக்குள் இருந்தால் ஒரு அலைச்சல் மிச்சம்.

4. பென்சிலை எடுத்து வையுங்கள், மாவை எடுத்துக் கொடுங்கள்

விரல் வேலை தோளில் ஆரம்பிக்கிறது. தோள் நிலையாக இருந்தால் மணிக்கட்டு நிற்கும், மணிக்கட்டு நின்றால் விரல் தனியாக அசையும். அதனால் பார்க்கில் கம்பியில் தொங்குவது, தவழ்ந்து போவது, தண்ணீர் வாளி தூக்குவது எல்லாமே எழுத்து வேலைதான். கடற்கரைக்குப் போனால் ஈர மணலைப் பிடித்துப் பிழியச் சொல்லுங்கள், காய்ந்த மணலில் அந்தப் பலன் இல்லை.

வீட்டில் நாங்கள் செய்ததில் உண்மையாகவே பலன் கொடுத்தவை எல்லாம் அடுக்களையில்தான் இருந்தன. ரொட்டி மாவு பிசைவது. பச்சைப் பட்டாணி உரிப்பது; கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வேலை செய்ய வேண்டிய சரியான பயிற்சி அது. பீன்ஸ் நார் எடுப்பது. பூண்டு உரிப்பது, இது ஐந்து வயதுக்கு மேல், அதற்கு முன்னால் கொடுத்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழும். துணி காயப்போடும்போது கிளிப் அழுத்திப் போடுவது பிள்ளையின் வேலை என்று வைத்துவிட்டால் தினமும் பயிற்சி நடக்கிறது, யாரும் பயிற்சி என்று சொல்லவே வேண்டாம். காவடிக்கு வீட்டில் செண்டுப்பூ மாலை கோர்க்கிறீர்கள் என்றால் மழுங்கின ஊசியும் தடித்த நூலும் கொடுத்து ஒரு ஓரத்தில் உட்கார வையுங்கள். மாலை கோணலாக வரும், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விளையாட்டு மாவுக்கு கடையில் சின்ன டப்பாக்களில் விற்பதை வாங்கத் தேவையில்லை. இரண்டு கப் கோதுமை மாவு, ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணீர், ஒரு ஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் மஞ்சள்தூள். மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும். வீட்டில் நாய் இருந்தால் ஜாக்கிரதை, இவ்வளவு உப்பு நாய்க்கு விஷம். பள்ளி லிஸ்டில் வரும் பிரெஸ்டிக் (சுவரில் தாள் ஒட்டும் பசை உருண்டை) இருக்கிறதே, அதையும் சின்ன உருண்டைகளாக உருட்டச் சொல்லலாம், மாவை விடக் கெட்டியாக இருப்பதால் விரலுக்கு இன்னும் வேலை.

மூன்று வயதுக்குக் கீழே பட்டாணி, மணி, பட்டன் எதையும் தனியாகக் கொடுத்துவிட்டு நகராதீர்கள். மூன்று வயதுக்கு மேலேயும் மூக்குக்குள் திணிக்கும் பிள்ளைகள் உண்டு. பட்டன் பேட்டரியும் காந்த உருண்டையும் வீட்டில் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருக்கக் கூடாது.

நேரம்: ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும், சமையலோடு சேர்ந்து வந்தால் அதுகூடத் தனியாக வேண்டாம். பள்ளி முடிந்து வந்த உடனே வேண்டாம், அப்போது எந்தப் பிள்ளைக்கும் கை ஓடாது.

5. கோடு, வட்டம், சிலுவை, அப்புறம்தான் எழுத்து

பிள்ளைகள் உருவங்களை வரைய வருவதற்கு ஒரு வயது வரிசை உண்டு. ஏறக்குறைய மூன்று வயதில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, படுக்கைக் கோடு, வட்டம். நான்கில் கூட்டல் குறி. நான்கரையில் சதுரம். சாய்கோடு அதற்கும் பின்னால். குறுக்காக இரண்டு சாய்கோடு போடுவது ஐந்தை ஒட்டி, முக்கோணம் ஐந்தைத் தாண்டி. சில மாதம் முன்பின் ஆகும், அதற்குக் கவலை வேண்டாம்.

இந்த வரிசை தெரிந்தால் ஒரு சண்டை மிச்சமாகும். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஆங்கில எல், டீ, ஓ வரும். எக்ஸும் கே-யும் வராது, ஏனென்றால் சாய்கோடு இன்னும் கைக்கு வரவில்லை. அடித்தாலும் வராது. தமிழிலும் அப்படித்தான். அகர வரிசைப்படி 'அ'வில் ஆரம்பிக்கிறோம், ஆனால் கைக்கு 'அ' கஷ்டமான எழுத்து: சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நேர்க்கோடு எல்லாம் ஒன்றில். 'இ'யும் லேசில்லை. கண்ணுக்கும் காதுக்கும் 'அ, ஆ' என்றே சொல்லிக்கொடுங்கள், பாட்டி சொல்லித் தந்த மாதிரியே. கைக்கு மட்டும் 'ட'வில் ஆரம்பியுங்கள். கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு, முடிந்தது. அடுத்து 'ப'. அடுத்து 'ம'. இந்த மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்த உடனே பிள்ளை 'படம்', 'பட்டம்', 'மடம்' என்று முழுச் சொற்களைப் படித்துவிடும். 'ர' சேர்ந்தால் 'மரம்'. தானே ஒரு சொல்லைப் படித்துவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று புரியும்.

வரைவதற்குப் பென்சில் வேண்டாம். தட்டில் மீலி மீல் (மக்காச்சோள மாவு) பரப்பி விரலால் வரையட்டும். விஜயதசமிக்கு அரிசியில் எழுத வைக்கிறோமே, அதேதான், மீலி மீல் இங்கே மலிவு, கோடும் தெளிவாக விழும். அப்புறம் சுவரில் பெரிய தாளை ஒட்டி, நின்றுகொண்டு வரைய விடுங்கள். நிமிர்ந்த பரப்பில் வரையும்போது மணிக்கட்டு தானாகப் பின்னால் மடங்கிச் சரியான நிலைக்கு வருகிறது. மார்கழியில் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடும் வீடாக இருந்தால் நான்கு புள்ளிகளைச் சேர்க்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள்.

டேப்லெட்டில் விரலால் எழுத்து வரையும் ஆப்களைப் பற்றிக் கேட்பீர்கள். எழுத்தை அடையாளம் காண உதவலாம். ஆனால் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும் விரலுக்கு அழுத்தமோ பிடியோ பழகாது. எங்கள் வீட்டில் அது கார் பயணத்துக்கு மட்டும்.

6. எழுத்து அடையாளம்: பிள்ளையின் பெயரில் தொடங்குங்கள்

எந்தப் பிள்ளைக்கும் முதலில் பிடிபடுவது தன் பெயரின் முதல் எழுத்து. செருப்பு ரேக், தண்ணீர் பாட்டில், படுக்கை என்று எல்லா இடத்திலும் பெயரை ஒட்டுங்கள். ஒரு பக்கம் தமிழில், ஒரு பக்கம் ஆங்கிலத்தில்.

ஆங்கிலத்தில் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் பெரிய எழுத்துகளை முதலில் சொல்லித் தருகிறோம், பெயரையும் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதப் பழக்குகிறோம். இங்கே பள்ளியில் சின்ன எழுத்துகள்தான் முதலில். பெயரில் முதல் எழுத்து மட்டும் பெரியது, மற்றவை சின்னது. வீட்டில் வேறு மாதிரி பழகிய பிள்ளை வகுப்பில் தன் பெயரையே தேடிக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று, எழுத்தின் பெயரை விட ஒலி முக்கியம். 'எம்' என்று சொல்லாமல் 'ம்ம்ம்' என்று சொல்லுங்கள். 'ம' என்றும் வேண்டாம், பின்னால் ஒரு 'அ' ஒட்டிக்கொண்டால் சேர்த்துப் படிக்கும்போது குழறும். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இது சுலபம், புள்ளி வைத்த மெய்யெழுத்து எப்படி ஒலிக்கும் என்று ஏற்கெனவே தெரியும்.

ஒரு வாரத்துக்கு ஒன்றிரண்டு எழுத்து போதும். 247 எழுத்தும் உள்ள அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டு ஒருநாளும் தொடாத வீடுகள் எத்தனையோ. அட்டவணை வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் வெட்டி எடுத்து அட்டைகளாகப் பயன்படுத்துங்கள். அரிசிக்குள் புதைத்துத் தேடச் சொல்லலாம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கடைத்தெருவில் நடக்கும்போது 'உன் பெயரில் இருக்கிற எழுத்து எங்கேயாவது இருக்கா, பார்' என்று கேட்கலாம். கோயில் வாசல் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்து இருந்தால் அதையும் விடாதீர்கள்.

ஒன்றுபோல் இருக்கும் எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லித் தராதீர்கள். ஆங்கிலச் சின்ன பி-யும் சின்ன டி-யும் ஒரே உருவம்தான், வயிறு ஒன்றுக்கு வலப்பக்கம், ஒன்றுக்கு இடப்பக்கம். ஒன்று நன்றாகப் பதிந்து சில வாரம் கழித்து மற்றதைத் தொடுங்கள். தமிழில் ன–ண, எ–ஏ, ஒ–ஓ, அப்புறம் 'ர'வும் துணைக்காலும் (ா). ஏழு வயது வரை எழுத்தைத் திருப்பிப் போடுவது சாதாரணம். ஐந்து வயதில் டி-யைத் திருப்பி எழுதியதைப் பார்த்துவிட்டு 'டிஸ்லெக்ஸியாவா' என்று இரவெல்லாம் இணையத்தில் தேட வேண்டாம்.

"இரண்டு மொழி எழுத்தும் ஒன்றாக வேண்டாம், குழம்பிடும், வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள். தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலம்தான் போகின்றன, கைக்குக் குழப்பமில்லை. பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் ஒலியைப் பிரிக்கப் பழகினால் அது அடுத்த மொழிக்கும் உதவும். தமிழை விடாதீர்கள், இங்கே ஒரு தலைமுறை விட்டால் திரும்பப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நம் சொந்தங்களைப் பார்த்தாலே தெரியும்.

புத்தகத்துக்குச் செலவு செய்ய வேண்டாம். முனிசிபல் நூலகத்தில் பிள்ளைக்கும் சேர்த்து அட்டை எடுத்துவிடுங்கள், ஐடியும் முகவரிச் சான்றும் கொண்டுபோங்கள். தமிழுக்கு பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் இலவசம், டவுன்லோட் செய்து அச்சடித்துக்கொள்ளலாம். முதல் நிலைக் கதைகளில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். படிக்கும்போது விரலை எழுத்துக்குக் கீழே ஓட்டிக்கொண்டே படியுங்கள்.

7. பிடி, கத்தரிக்கோல், இடது கை

பிடியும் படிப்படியாகத்தான் வரும். முதலில் முஷ்டி, அப்புறம் எல்லா விரலும் கீழே பார்த்தபடி, மூன்றரை நான்கில் மூன்று விரல் ஆனால் கை முழுதும் அசையும், நான்கரையிலிருந்து ஆறுக்குள் விரல் மட்டும் அசையும் பிடி. மூன்று வயதுப் பிள்ளை முஷ்டியில் பிடித்தால் திருத்த ஒன்றுமில்லை. பிடியைத் திருத்த வாயால் சொல்லுவதை விட க்ரேயானை உடைத்துக் கொடுப்பது நன்றாக வேலை செய்கிறது. கட்டைவிரல் நுனி நீளத்துக்கு உடைத்துவிட்டால் முஷ்டியில் பிடிக்க இடமே இருக்காது. புது க்ரேயானை உடைக்கத் தமிழ்த் தாய்மார்களுக்கு மனசு வராது, தெரியும். உடையுங்கள். ரப்பர் பிடிப்பான்களை ஓ.டி. சொன்னால் மட்டும் வாங்குங்கள், தானாக வாங்கிப் போட்டவை எங்கள் டிராயரில் கிடக்கின்றன.

மேஜையில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படவேண்டும். படாவிட்டால் கீழே ஒரு பெட்டி வையுங்கள். கால் தொங்கினால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் கை நிற்காது.

இடது கைப் பிள்ளையை வலது கைக்கு மாற்றாதீர்கள். சாப்பிடும் கை, சாமிக்குப் பூப்போடும் கை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். பிரசாதம் வாங்க வலது கையை நீட்டப் பழக்கிக்கொள்ளலாம், பென்சிலில் கை வைக்க வேண்டாம் என்று பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். இடது கைக்கென்றே கத்தரிக்கோல் விற்கிறது. வலது கைக் கத்தரிக்கோலை இடது கையில் கொடுத்தால் தாள் வெட்டாமல் மடங்கும், அதைப் பார்த்துவிட்டுப் 'பிள்ளைக்கு வெட்டத் தெரியவில்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுவார்கள்.

கத்தரிக்கோலுக்கும் வரிசை உண்டு: முதலில் தாள் ஓரத்தில் சும்மா நறுக்குவது, அப்புறம் ஒரு நேர்க்கோடு, அப்புறம் வளைவு. மெல்லிய தாள் வேண்டாம், சீரியல் டப்பா அட்டை வெட்ட லேசாக இருக்கும். கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டும்.

8. எப்போது உண்மையாகவே காட்ட வேண்டும், எங்கே

பின்வருபவை இருந்தால் காத்திருக்காதீர்கள். ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைப் பிள்ளை செய்ய முடியாமல் போவது. இதற்கு உடனே டாக்டர். ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதைச் சும்மா வைத்திருப்பது, இதற்கும் டாக்டர். ஐந்து வயதிலும் கூட்டல் குறி பார்த்து வரைய வராமல் இருப்பது, கை சீக்கிரம் வலிப்பது, பட்டன், ஸிப், ஸ்பூன் எல்லாவற்றிலும் சிரமம், கை வேலை என்றாலே ஓடி ஒளிவது.

இந்த இடத்தில் காசு மிச்சப்படுத்தும் ஒரு செய்தி: மெடிக்கல் எய்டில் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லாத, ஆறு வயது நிறையாத பிள்ளைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். ஆறாவது பிறந்தநாளைத் தாண்டிவிட்டால் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம். அரசு வரிசை நீளமானது, மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் ஐந்து வயதுக்கு முன்பே வரிசையில் சேர்வது புத்திசாலித்தனம். நேராக மருத்துவமனைக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் உங்கள் ஏரியா கிளினிக், அங்கிருந்து கடிதம், பிறகு மருத்துவமனை. சாட்ஸ்வொர்த் பக்கம் இருப்பவர்களுக்கு ஆர்.கே. கான் மருத்துவமனை கிட்டே. கடிதத்தில் 'ஓ.டி. அசெஸ்மென்ட்' என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று சிஸ்டர் முன்னாலேயே படித்துப் பார்த்துவிட்டு நகருங்கள்.

தனியாரிடம் போனால் போனிலேயே கேட்க வேண்டியவை: அசெஸ்மென்ட்டுக்கு எவ்வளவு, ரிப்போர்ட்டுக்குத் தனியா, அதன்பின் ஒரு அமர்வுக்கு எவ்வளவு, வரமுடியாமல் போனால் கட்டணம் உண்டா. எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டுக்குத் தனி பில் வரும் என்று தெரியாமல் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். ஹெச்.பி.சி.எஸ்.ஏ. என்ற மருத்துவத் தொழில் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று அவர்களுடைய இணையப் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம். மெடிக்கல் எய்ட் இருந்தால் இது எந்தக் கணக்கிலிருந்து போகும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பல திட்டங்களில் உங்கள் திட்டத்திலேயே இருக்கும் சேவிங்ஸ் கணக்கிலிருந்துதான் போகும், வருஷக் கடைசியில் அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது. பில்லில் ஐ.சி.டி.-10 என்ற நோய்க் குறியீடு இல்லாவிட்டால் க்ளெய்ம் திரும்பிவரும்.

அசெஸ்மென்ட் அன்று பிள்ளைக்குத் தூக்கமும் சாப்பாடும் சரியாக இருக்கட்டும், காலை நேரம் கேளுங்கள். தமிழ்தான் நன்றாகப் புரியும் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னது புரியாமல் செய்யாததும், புரிந்தும் கை வராமல் செய்யாததும் ரிப்போர்ட்டில் ஒன்றாகிவிடக் கூடாது. முடிவில் கேட்க ஒரே கேள்வி: வீட்டில் தினமும் பத்து நிமிஷம் என்ன செய்யலாம்? இதற்குத் தெளிவான பதில் தராத, வாரம் இரண்டு முறை வரச்சொல்லி மட்டும் கேட்கிற இடத்தை விட்டு வேறு இடம் பார்க்கலாம்.

பள்ளியிலும் ஒரு தாள் உண்டு. பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று டீச்சர் நினைத்தால் எஸ்.என்.ஏ. 1 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். அடுத்த கட்டத்தில் பள்ளியின் உதவிக் குழு எஸ்.என்.ஏ. 2 நிரப்பும். இரண்டிலும் உங்களைக் கலந்து பேச வேண்டும். சீட்டு அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால் "எஸ்.என்.ஏ. ஆரம்பித்துவிட்டீர்களா" என்று கேளுங்கள். நகல் வாங்கி ஃபைலில் வையுங்கள், பள்ளி மாறினால் தேவைப்படும்.

9. ஜனவரி ஸ்டேஷனரி லிஸ்ட்

கடைசி வாரத்தில் வாங்கினால் விலையும் கூடுதல், வரிசையும் நீளம். நவம்பரிலேயே லிஸ்ட் கேட்டு வாங்கிவிடுங்கள். லிஸ்டில் பிராண்ட் பெயர் போட்டிருந்தால் மாற்று எடுக்கலாமா என்று டீச்சரிடம் ஒரு வார்த்தை, பெரும்பாலும் சரி என்பார்கள். க்ரேயானிலும் கத்தரிக்கோலிலும் மட்டும் ரொம்ப மலிவானதை எடுக்காதீர்கள். மலிவு க்ரேயான் மெழுகாக வழுக்கும், நிறம் வர அழுத்தி அழுத்திக் கை வலிக்கும். முக்கோண வடிவத் தடித்த பென்சில், முனை மழுங்கின கத்தரிக்கோல், இடது கைக்காரருக்கு அதற்கானது. கோக்கி பேனாவை (ஸ்கெட்ச் பேனா) லிஸ்டில் போட்டிருந்தால் பள்ளிக்கு அனுப்புங்கள், வீட்டில் வேண்டாம், அது தொட்டாலே எழுதிவிடுவதால் அழுத்தம் பழகாது. சுவரும் உங்களுடையது. ஒவ்வொரு க்ரேயானிலும் பெயர் ஒட்டுங்கள். ஷார்ப்னர் இரண்டு துளை உள்ளதாகப் பார்த்து எடுங்கள், தடித்த பென்சில் சாதாரணத் துளையில் நுழையாது.